மருமகன் வகுப்பும் ஆதம்பாவா ஹாஜியாரின் இஞ்சினும்

சாய்ந்தமருது
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து

கொழும்பில் இருக்கும் எங்கள் மூத்த மகன் றஸாக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி முனவ்வறா எழுதுவது. இங்கே வாப்பா, நான், இவள், கொட்டிலில் நிற்கும் ஆடு எல்லாரும் அல்லாஹ் தந்த மூச்சோடும் அவனே தந்த பசியோடும் நன்றாக இருக்கிறோம், அங்கே உனக்கும் இவ்விரண்டில் ஒன்றும் குறையாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கை ஏந்துகிறேன். நான் குர்ஆன் ஓதுவேனே தவிர தமிழ் எழுத்துப் படிக்காதவள் என்பது உனக்குத் தெரியும், ஆகையால் இவள் நடுவில் இரண்டு பிறை போட்டு என்னத்தையாவது செருகினால் அது என் வார்த்தை இல்லை என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். (உண்மைதான் காக்கா, பிறைக்குள் இருப்பவள் உன் தங்கச்சி நான். பிறை கண்டால் பெருநாள் என்று நினைத்துக்கொள்.)

முதலில் உன் தந்திக் கதை. மகன், இனிமேல் யாராவது மௌத்தானால் தவிர தந்தி அடிக்காதே. தபால் கந்தோர்ச் சைக்கிள் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதைக் கண்டதுமே பக்கத்து வீட்டு றாஹிலா மாமி அழத் தொடங்கிவிட்டாள், யார் மௌத்து என்று தெரியாமல் எதற்கு அழுகிறாய் என்று கேட்டால், தெரிந்த பிறகு அழுவதற்கு நேரம் போதாமல் போகும் என்கிறாள். அவளைக் கண்டு மற்றவர்களும் வந்து கூடினார்கள், ஆளுக்கொரு பெயரைச் சொல்லி அழுதால் உயிரோடு இருப்பவர்களுக்குக் கோபம் வரும் என்று பயந்து, கடைசியில் எதற்கும் பாதுகாப்பாக, எப்போதோ மௌத்தாகி அடக்கமும் செய்து முடிந்த உன் மூத்தவாப்பாவின் பெயரைச் சொல்லியே எல்லாரும் அழுதார்கள். தந்தி இங்கிலீசில் இருந்தபடியால் வாப்பா அதைக் கந்தோருக்கே திருப்பி எடுத்துப்போய்த் தபால் மாஸ்டரைக் கொண்டு வாசிப்பித்தார். அந்த மனிதர் மீன் சந்தைக்குக் கேட்கும் குரலில், ஆதம்பாவாவின் மகள் சுல்பிகாவை வகுப்புக்காரனுக்குக் கொடுக்க விடவேண்டாம், நான் இஞ்சின் வேலை முழுவதும் படித்துவிட்டேன், லீவு கிடைத்ததும் வந்துவிடுவேன் என்று வாசித்தார். அந்த நேரம் முத்திரை வாங்க வந்து அங்கேயே நின்றவர் வேறு யாருமில்லை, சுல்பிகாவின் வாப்பா ஆதம்பாவா ஹாஜியார்தான். நாக்கில் ஒற்றி நனைத்த முத்திரையை உறையில் ஒட்ட மறந்து தன் நாடியில் ஒட்டிக்கொண்டு அவர் வீடு போய்ச் சேர்ந்ததாக வாப்பா சொன்னார். ஆகவே மகன், இந்தக் கடிதத்தைக் கடைசி வரை வாசித்து முடிக்கும் வரைக்கும் நீ றெயில் ஏறக்கூடாது. உனக்குச் செய்தி கொண்டுவந்தவன் பழைய செய்தியைக் கொண்டுவந்திருக்கிறான். நடந்தது முழுவதையும் நான் சொல்கிறேன், சுல்பிகாவை நீ எடுப்பதா இழப்பதா என்பது நீ வந்து இறங்கி வாயைத் திறந்து சொல்லப்போகும் முதல் வார்த்தையில் இருக்கிறது.

நீ கொழும்புக்குப் போனது எதற்காக என்று நீ சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். நெல் குற்றும் மில்லையும் இளைய மகளையும் இஞ்சின் தெரிந்த ஒருவனுக்குத்தான் கொடுப்பேன் என்று ஹாஜியார் பள்ளிவாசல் வாசலில் நின்று சொன்ன அடுத்த கிழமை, நீ இஞ்சின் படிக்கப் போகிறேன் என்று பெட்டி கட்டினாய். அதுவரைக்கும் மில் இஞ்சின் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு தெருவின் மற்றக் கரையால் போகிற பிள்ளை நீ. நான் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீ போனபின், இந்த வருஷத் தொடக்கத்தில், மட்டக்களப்பிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மாட்டுவதுமாகவே இருப்பார், அதனால் ஊர் அவருக்குக் கண்ணாடி ஐயா என்று பெயர் வைத்தது. தங்கமான மனிதர், அதுதான் இவ்வளவுக்கும் காரணம். அவர் பள்ளிவாசல் முன்றலில் நின்று பேசினார். மேற்கே காடு வெட்டிக் குளம் கட்டுகிற இடத்தில் மெஷின் ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆட்களுக்குத் தவித்துக்கொண்டு தூர தேசங்களிலிருந்து கொண்டுவருகிறார்கள், இங்கே நம் பிள்ளைகளுக்கு இங்கிலாந்து ராசாக்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிகிறது, ஒரு நட்டை இறுக்கத் தெரியவில்லை, பள்ளிக்கூடம் படிப்பிப்பதை ஒருவரும் கேட்பதில்லை, ஆட்கள் கேட்பதைப் பள்ளிக்கூடம் படிப்பிப்பதில்லை என்று மிகவும் துக்கப்பட்டார். ஆகையால் இங்கே ஒரு தொழில் வகுப்பு வைக்கப்போவதாகவும், முதலில் வேலை கொடுக்கக்கூடியவர்களிடம் போய் எப்படிப்பட்ட பையனை எடுப்பீர்கள் என்று கேட்டு, அவர்கள் கேட்டதை ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் அப்படியே படிப்பிக்கப்போவதாகவும் சொன்னார். எல்லாருக்கும் நல்ல சந்தோஷம்.

நம் ஊரில் ஆள் எடுப்பது எப்படி என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய ஒன்று என்று யாருக்கும் தோன்றவுமில்லை. நீயே யோசித்துப் பார். ஹாஜியாரின் மில்லில் இஞ்சின் முடுக்குகிறவர் மூத்த மருமகன், மூட்டை நிறுக்கிறவர் இரண்டாவது மருமகன். தோணிக்காரர் ஸலாஹுதீனின் தோணிகளில் சுக்கான் பிடிப்பவன் எல்லாம் மருமகன், வலை இழுப்பவன் மருமகனின் தம்பி. வீடும் வளவும் கொடுத்து ஒருவனை வீட்டுக்குள் எடுத்தால்தான் அவன் கையில் பூட்டும் திறப்பும் கொடுப்பது, வேறு வழியில் ஒரு பையனை எடுப்பது என்று ஒன்று இருப்பதாகவே இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே கண்ணாடி ஐயா வீடு வீடாகப் போய் எப்படிப்பட்ட பையன் வேண்டும் என்று கேட்டபோது எல்லாரும் மனம் திறந்து உண்மையைத்தான் சொன்னார்கள்.

ஹாஜியார் சொன்னது, இஞ்சின் தெரிய வேண்டும், யாசீன் சூறா தட்டாமல் ஓத வேண்டும், மூன்றாந்தரம் சோறு கேட்கக்கூடாது, முக்கியமாகக் குறட்டை விடக்கூடாது, ஏனென்றால் மூத்த மருமகன் படுத்தால் மில் ஓடுகிறதா ஆள் தூங்குகிறாரா என்று அயல் வீட்டார் குழம்பி நெல் மூட்டையோடு வந்து வாசலில் நிற்கிறார்களாம். ஸலாஹுதீன் சொன்னது, கடல் மயக்கம் இருக்கக்கூடாது, மாமி ஏசினால் திருப்பிக் கதைக்கக்கூடாது. எங்கள் வீட்டுக்கும் வந்தார். வாப்பா, ஐயா நான் பிறத்தியாருடைய கிழிந்த வலை பொத்திக் கொடுக்கிறவன், ஆருக்கு நான் வேலை கொடுக்கிறது என்றார். ஒரு பெண்பிள்ளை இருக்கிறதாமே, நீங்களும் ஏதாவது சொல்லுங்கள் என்று யாரோ கூட வந்தவர் எடுத்துக்கொடுக்க, வாப்பா வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க, கதவுக்குப் பின்னால் நின்ற இவள் வாப்பாவின் குரலை வரவழைத்து, ஆட்டுக்குக் குழை ஒடிக்கத் தெரிந்தவன் என்றிருக்கிறாள். அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார். (ஆடுதான் கேட்டது. நான் அதன் சார்பில் கதைத்தேன்.) கடைசியில் அவருக்கே கொஞ்சம் யோசனை வந்ததாம், ஆனால் வேலை கொடுப்பவர்களோடு தர்க்கிக்க வேண்டாம், அவர்களுக்குத்தான் தங்கள் தேவை தெரியும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. எழுதியது எல்லாம் மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போய், முத்திரை குத்திப் பாடத்திட்டமாகத் திரும்பி வந்தது.

வகுப்பு சந்தைக்குப் பின்னால் உள்ள ஓலைக் கொட்டிலில் தொடங்கியது. ஊரில் மீசை அரும்பிய பிள்ளை ஒன்று மிச்சமில்லை, அத்தனையும் போய்ச் சேர்ந்தது. இஞ்சின் பாடத்துக்கு இஞ்சின் கொழும்பிலிருந்து வரவேண்டியது, வரவில்லை, அதனால் கண்ணாடி ஐயா கரும்பலகையில் வெண்கட்டியால் முழு இஞ்சினை வரைந்து அதையே படிப்பித்தார். மிக அழகாக வரைந்திருந்தாராம். ஒரு நாள் வலைக்காரர் வீட்டு மக்கீன் களைத்துப்போய்ப் பலகையில் சாய்ந்துவிட்டான், எழும்பும்போது அரைவாசி இஞ்சின் அவன் சேட்டின் முதுகில். திருப்பி வரைவதற்குச் சேட்டைப் பார்த்தாவது வரையலாம் என்று ஐயா ஆளனுப்பினால், அவன் உம்மா அதற்குள் அதைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள். இஞ்சின் பழுது என்று அந்தக் கிழமை வகுப்பு நடக்கவில்லை.

மற்றப் பாடங்களுக்குத் தளபாடக் குறைவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் பாயில் படுக்கவேண்டும், ஐயா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காதைத் தாழ்த்திக்கொண்டு நடப்பார், குறட்டை விட்டவன் மறுநாளும் படுக்கவேண்டும். இந்தப் பாடத்துக்கு ஒரு நாளும் ஒருவரும் வராமல் இருந்ததில்லை. சோற்றுப் பாடத்துக்குச் சகன் தட்டில் சோறு வைத்து ஐந்தாறு பேராகச் சுற்றி உட்காரவேண்டும், தன் பக்கத்து எல்லையைத் தாண்டாமல் சாப்பிடவேண்டும், வைக்க வந்தால் இரண்டு தரம் ஓம் என்று சொல்லி மூன்றாந்தரம் கையை மூடி வேண்டாம் என்று சொல்லவேண்டும். (சோற்றை மறுக்கப் படித்தவர்கள் ஆனபடியால் இந்தக் கடிதத்தில் அவர்களை மறுமகன் என்று எழுதட்டுமா என்று கேட்டேன், உம்மாவுக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான், விளக்குமாற்றைத் தேடுகிறார்.) ஏச்சு வாங்கும் பாடத்துக்கு ஏசுவதற்கு ஆள் தேவைப்பட்டது, ஸலாஹுதீனின் பெண்சாதி தானாகவே வந்தாள். வரிசையாக இருத்தி வைத்து ஏசினாள், ஒரு பையன் அழுதான், ஒரு பையன் திருப்பிக் கதைத்து வகுப்பிலிருந்து நீக்கப்பட்டான். அவளுக்கு அது நல்லாகப் பிடித்துப்போய் வகுப்பில்லாத நாளிலும் வந்து பலகையை ஏசிவிட்டுப் போவாள்.

இதற்குள் ஊரில் கலியாணப் பேச்சு எல்லாம் நின்றுவிட்டது. பெண் வைத்திருப்பவர்கள் வகுப்பு முடியட்டும் என்று காத்திருந்தார்கள். ஹாஜியார், சோதனையில் முதலாவது வருபவனுக்கு மில்லும் சுல்பிகாவும் என்று சொன்னார். உன் காதுக்கு எட்டிய செய்தி இதுதான், நீ தந்தி அடித்ததும் இதற்குத்தான். நானும் அன்றைக்குச் சோறு தின்னவில்லை மகன், அந்தப் பிள்ளையை என் மருமகளாகவே மனதில் வைத்திருந்தவள் நான்.

சோதனையில் முதலாவது வந்தவன் மக்கீன். யாசீன் தட்டாமல் ஓதினான், பாயில் படுத்தால் மையத்து மாதிரி மூச்சுச் சத்தமில்லை, மூன்றாந்தரம் சோறு வேண்டாம் என்று அவன் சொன்ன மரியாதையைக் கண்டு பள்ளிவாசல் மரைக்கார்மார் கண் கலங்கினார்கள், ஆட்டுக்குக் குழை ஒடிப்பதிலும் அவன்தான். பார்த்துக்கொண்டு நின்ற எங்கள் ஆடு மட்டும் அந்தக் குழையைத் தின்னவில்லை. பிறகு எல்லாரும் மில்லுக்குப் போனார்கள். ஹாஜியார் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, இப்போ என்ட புது மருமகன் முடுக்குவார் என்று சனத்தைப் பார்த்துச் சொன்னார்.

மக்கீன் இஞ்சினுக்கு முன்னால் போய் நின்றான். மரியாதை படித்த பிள்ளை, முதலில் அதற்கு ஸலாம் சொன்னான். பிறகு நெடுநேரம் பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாக, "இந்தப் பக்கமில்ல ஹாஜியார், நாங்க படிச்சது மற்றப் பக்கம். கொஞ்சம் திருப்பி வெச்சித் தாங்க" என்றான்.

மகன், அந்த இஞ்சின் சீமெந்தில் பதித்தது. ஆனாலும் படித்தவன் சொல்கிறான் என்று சிலர் தள்ளியும் பார்த்தார்கள். பிறகு ஐயா ஓடிப்போய்க் கரும்பலகையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார், மக்கீன் பலகையைப் பார்ப்பதும் இஞ்சினைப் பார்ப்பதுமாக நின்று, பலகையில் இருந்த ஒரு உறுப்பு இஞ்சினில் இல்லையே என்றான், அது வெண்கட்டி உடைந்தபோது விழுந்த கோடு. எல்லாரும் சேர்ந்து சக்கரத்தைச் சுற்றினார்கள், இஞ்சின் ஒரு தரம் இருமியது, முடுக்குகிற கம்பி கழன்று பறந்து கிணற்றுக்குள் விழுந்தது. (இஞ்சின் ஓடவில்லை, மாப்பிள்ளைதான் ஓடினார்.) மூத்த மருமகனைக் கூப்பிடுவோம் என்றால் அவர் ஊரில் இல்லை. தன்னுடைய குறட்டை கவர்மெந்துப் பாடமாகிக் கொழும்பு வரைக்கும் போய் வந்துவிட்டது என்று அன்று காலை இஞ்சினை முடுக்கிவிட்டு வந்தபிறகுதான் கேள்விப்பட்டு, அப்போதே ரோசப்பட்டு ஒலுவிலுக்குத் தன் உம்மா வீட்டுக்குப் போனவர், கூப்பிட ஆள் போனால் படுத்துக்கிடந்து குறட்டையாலேயே பதில் சொல்கிறார்.

அது வேளாண்மை வெட்டு முடிந்த நேரம். மில் முற்றத்தில் நெல் மூட்டை கூரைக்கு மேலே போய்விட்டது, வண்டில்கள் வரிசையாக நின்று மாடுகள் ஒன்றின் வாலை ஒன்று தின்கின்றன. வீட்டுக்கு வீடு பழைய உரலை வெளியே எடுத்தோம். என் தோள்மூட்டு இன்னும் நோகிறது, உலக்கை போட்ட ஒவ்வொரு போடுக்கும் ஊர்ப் பெண்கள் கண்ணாடி ஐயாவின் பெயரைச் சொன்னார்கள், அவருக்கு அந்தக் கிழமை முழுவதும் விக்கல். இஞ்சின் ஓடினால்தான் நிக்காஹ் என்று ஹாஜியார் சொல்லிவிட்டார், பிள்ளை எல்லாப் பாடத்திலும் முதலாவது, ஒரு இரும்புக்காகக் கலியாணத்தை நிறுத்துவதா என்று மக்கீனின் உம்மா சண்டைக்கு வந்தாள். உள்ளே இருந்த சுல்பிகாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் வாப்பா வீரமுனைச் சின்னப்போடியின் பேச்சை எடுத்தார். காடு வெட்டுகிற இடத்தில் மெஷின்களோடு நின்று, மேலதிகாரியோடு சண்டை பிடித்துக்கொண்டு வீட்டில் இருக்கிற ஆள். ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். ஆள் கெட்டிக்காரன் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் அவனை எந்த முறையில் மில்லுக்குள் எடுப்பது என்பதுதான் பிரச்சினை. கோயில் கும்பிடுகிற ஆள், பெண்சாதியும் வீடு நிறையப் பிள்ளைகளும் உள்ளவன், மருமகனாக எடுக்க வழியே இல்லை. ஹாஜியார், "ஒரு முறையும் இல்லாத ஒராளுட்ட மில்லுத் திறப்ப எப்பிடிக் குடுக்கிற? நாளைக்கி ஒண்டு நடந்தா எந்த மாமியாருட்டப் போய் நான் முறையிடுற?" என்று கேட்டார். மச்சான் முறை வைக்கலாமா, பால் குடிச் சகோதரன் என்று சொல்லலாமா என்று கூட ஆராய்ந்தார்கள். கடைசியில் உன் வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சம்பளத்தக் குடுத்திட்டு உடுங்களன் ஹாஜியார்" என்றார். உறவில்லாமல் வெறும் சம்பளத்துக்கா என்று ஸலாஹுதீன் கேட்டார். ஓம் என்றார் வாப்பா. கண்ணாடி ஐயா அந்த இடத்திலேயே கண்ணாடியைக் கழற்றியவர், துடைக்கவும் மறந்து நின்றார்.

சின்னப்போடி வந்தான். ஊருக்கே கேட்க இஞ்சினை ஏசினான், அதன் உம்மாவை ஏசினான், இப்படி வைத்திருந்ததற்கு ஹாஜியாரையும் ஏசினான், ஏசி முடித்துத் தேத்தண்ணி கேட்டான், குடித்துவிட்டுத் திருப்பி ஏசினான். ஏச்சு வாங்கப் படித்த பையன்கள் எல்லாரும் மரியாதையாகத் தலை குனிந்து நின்றார்கள். முதல் நாள் இஞ்சின் ஓடவில்லை, அவன் என்னவோ ஒரு சாமான் வேண்டும் என்று மட்டக்களப்புக்கு பஸ் ஏறி, வாங்கி வந்தது பொருந்தாமல் இரண்டாந்தரமும் போய் வந்தான். பிறகு ஓடியது. ஓடின ஓட்டத்தில் நான் உலக்கையை மூலையில் சாத்திவிட்டு அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்தேன். இனி மில்லோடேயே நில் என்று சொன்ன ஹாஜியார், பழக்கதோஷத்தில் அவனிடமும் குறட்டை விடுவாயா என்று கேட்டிருக்கிறார். அவன் சொன்னது, "ஹாஜியார், குறட்டய நான் வீரமுனையில என்ட ஊட்ட போய்த்தான் உடுற. அதுக்கு உங்களிட்டச் சம்பளம் கேக்கல்லயே." வேலைக்கு வருகிற ஆளும் வீட்டுக்கு வருகிற ஆளும் வேறு வேறு ஆளாக இருக்கலாம் என்பதைக் கண்ணாடி ஐயா மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாராம், அதற்கும் முத்திரை குத்தி வரவேண்டும். அதுவரைக்கும் பையன்கள் சின்னப்போடியிடம் போய் நிற்கிறார்கள், மக்கீனும்தான். எனக்கு இப்போ கலியாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இஞ்சினுக்கடியில் கிடக்கிறான், இப்போது அவன் சேட்டில் ஏறுகிற இஞ்சினை அவன் உம்மாவால் துவைத்து எடுக்க முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் உன் தந்தி. மறுநாள் ஹாஜியார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாப்பா கதிரை எடுத்துப் போட்டார், நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். உங்கட மகன் இஞ்சின் படித்தவர்தானா என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை, வந்து தன் வாயாலேயே சொல்லட்டும் என்றேன். அவர் சொன்னார், இஞ்சினுக்கு ஆள் கிடைத்துவிட்டது, இனிமேல் மருமகன் எதற்கு என்றே எனக்கு விளங்கவில்லை, பிள்ளைக்கு என்ன தேவை என்று முதல் தரமாகப் பிள்ளையிடமே கேட்கப்போகிறேன் என்று. கேட்டுமிருக்கிறார்.

மகன், இப்போது நான் முன்னே சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன். சின்னப்போடி தேத்தண்ணி வாங்க எங்கள் வாசலுக்கும் வந்தான், கோப்பையைப் பிடித்த கையைப் பார்த்தேன். பத்து நகத்துக்கடியிலும் கறுப்பு, கல்லில் தேய்த்தாலும் போகாத கறுப்பு. நீ பெருநாளைக்கு வந்தபோது உன் நகம் பால் மாதிரி வெள்ளை. கையில் நெருப்புச் சுட்ட தழும்பு, சேட்டைத் துவைக்க எடுத்தால் நெய்யும் வெங்காயமும் மணக்கிறது. நான் ரொட்டிக்குக் குழைத்து வைத்த மாவை உன் கை தானாக எடுத்து ஒரு வீசு வீசியது, அது குடை விரிந்த மாதிரிக் காற்றில் நின்றது, நான் பார்க்கிறேன் என்று கண்டதும் சுருட்டி வைத்துவிட்டு, இஞ்சின் சக்கரம் இப்படித்தான் உம்மா சுற்றும் என்றாய். ஓம் மனே என்றேன். பெற்றவளுக்கு மகன் எந்த அடுப்பில் நிற்கிறான் என்று தெரியாதா. எங்களை நினைத்து, அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும், கோபமில்லை. வாப்பாவிடமும் சொன்னேன், அவருக்குச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது, பிறகு நெய் ரொட்டியா என்று கேட்டார்.

நான் வாப்பாவிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த யாரோ சுல்பிகாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். (அந்த யாரோ நான்தான். வேறு யாருக்கு நேரமிருக்கிறது.) அந்தப் பிள்ளை தன் வாப்பாவுக்கும் சொல்லி, இவளிடமும் சொல்லி அனுப்பிய பதிலை அப்படியே எழுதச் சொல்கிறேன்: "சோறு வேணாமெண்டு சொல்லப் படிச்சவன் எனக்கு வேணாம். என்ட வாப்பா கேட்டுக் கேட்டுத் திங்கிற மாதிரி ஒராள் சமைப்பாரெண்டா, அவருக்கு நான் ஓம்."

ஆகவே மகன், இந்தக் கடிதம் கண்டதும் புறப்படு. பஸ்ஸால் இறங்கியதும் யார் கேட்டாலும் இஞ்சின் என்ற வார்த்தை உன் வாயில் வரக்கூடாது, வந்தால் ஹாஜியார் ஓடுகிற இஞ்சினை நிறுத்திவிட்டு உன்னை முடுக்கச் சொல்வார், அது அவருடைய குணம், சின்னப்போடி உன்னையும் ஏசுவான். கொழும்பில் ஹோட்டலில் அடுப்படியில் நிற்கிறேன் என்று முதல் வார்த்தையாகத் தலை நிமிர்ந்து சொல். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஹாஜியாரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், கோதுமை மா வாங்கி வைத்தாயிற்று, ரொட்டிக் கல் மட்டும் உன்னுடையதைக் கொண்டுவா, என்னுடையதில் வீச்சு நிற்காது. மூன்றாந்தரம் கேட்கக்கூடாது என்று ஊருக்கே பாடம் வைத்தவர் அவர். நீ போட்டதை இரண்டு தின்று முடித்து மூன்றாவதுக்கு அவர் கை நீட்டினால், நிக்காஹுக்கு நாள் பார்க்கலாம். அந்தப் பிள்ளை சீலைக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

றெயிலில் வாசல் பக்கம் நிற்காதே, குளிர் காற்றில் காதுக்குத் துணி கட்டு, பயணத் தொழுகையை விட்டுவிடாதே. உன் கையில் அல்லாஹ் பறக்கத்தை வைக்கட்டும், மாவிலும் வைக்கட்டும், பொய் சொல்லத் தேவையில்லாத வாழ்வைத் தரட்டும், ஆமீன். கல்லை மறவாதே.

இப்படிக்கு,
உன் உம்மா ஆயிஷா உம்மா
வாப்பா முகம்மது தம்பியின் ஸலாமும் இதற்குள் இருக்கிறது

(காக்கா, மாவை மூன்று ரொட்டிக்கு மட்டும் குழைத்துவிடாதே. தன் வாப்பாவுக்கு எண்ணத் தெரியும், நிறுத்தத் தெரியாது என்று சுல்பிகா சொல்லச் சொன்னாள்.)